நடுப்பாலத்தில் உன் அண்ணி சொன்னது

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், கை எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயம். நீ எனக்குப் பெரிய தப்புச் செய்துவிட்டாய். என்னைப் பாலம் பார்க்க அனுப்பிவிட்டு, நான் அங்கே நிற்கிற நேரத்தில் என் மாடி அறையைக் காலி செய்யச் சொல்லி உன் அண்ணனுக்கு யோசனை கொடுத்தவள் நீ. வேலை மேசை, கருவிப் பெட்டி, மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற மெஷின், ரிப்பேருக்குப் பிரித்துப் போட்டிருந்த ஃபேன்கள், எல்லாவற்றையும் வேனில் ஏற்றி அவன் வீட்டில் இறக்கிவிட்டால் நானும் வேறு வழியில்லாமல் அங்கேயே வந்து இருந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பசுவை ஓட்டுகிற வேலை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து "அம்மா, நான் சொல்றத முதல்ல கேளு" என்பாய். கடிதத்தில் நீ பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் கோபத்தில் மட்டும் எழுதுவதாக நினைக்காதே, நன்றி சொல்லவும் எழுதுகிறேன். உங்கள் சூழ்ச்சி இல்லாவிட்டால் நான் அந்தப் பாலத்தைப் பார்த்திருக்க மாட்டேன், உன் அண்ணி எப்பேர்ப்பட்டவள் என்பதும் எனக்குத் தெரிந்திருக்காது.

போன வாரம் உன் அண்ணன் காலையிலேயே காரோடு வந்து நின்றான். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிறியேம்மா, கிளம்பு, காத்தாட ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றான். என்றைக்கும் இல்லாத கரிசனம், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வழியெல்லாம் அவனுக்குப் போன், ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, தூரப் போய் நின்று பேசினான். உன் அண்ணி பின்சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கார் வயிற்றைப் பிரட்டுகிறது போல என்று நான் புளிப்பு மிட்டாய் கொடுத்தேன், அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பாலத்தைப் பற்றிச் சொல்கிறேன் கேள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, யாரோ மலையை வெட்டிப் பிளந்து இழுத்து வைத்த மாதிரி. அதற்கு நடுவே இரும்புக் கம்பி வடங்களில் தொங்குகிறது, மேலே மரப்பலகை, நடப்பதற்கு மட்டும், சைக்கிள்கூடப் போகக் கூடாது. ஒரு காலத்தில் அந்தக் கரையிலிருந்த கல்குவாரிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கட்டினார்களாம், வாசலில் பலகையில் எழுதியிருக்கிறது. எத்தனை பேர் விடியற்காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு அதில் போயிருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. கீழே எட்டிப் பார்த்தால் ஆறு, பழைய மோட்டாரிலிருந்து உருவிப்போட்ட செம்புக்கம்பி மாதிரி சுருண்டு கிடக்கிறது. பாலம் ஒடுக்கம் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து ஆட்களைத்தான் விடுகிறார்கள். இந்தக் கரைக் கூட்டம் அந்தக் கரை சேர்ந்த பிறகுதான் அங்கே இருப்பவர்கள் வரலாம். நடுவில் திரும்பக் கூடாது. வாசலில் ஒரு காவல்காரப் பெண், கழுத்தில் விசில், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், என்னைவிடக் கறார். என் கையில் கட்டு இருந்த தடத்தைப் பார்த்துவிட்டு "அம்மா, முடியுமா? ஏறிட்டா ஏறினதுதான், பாதியில கூப்பிடாதீங்க" என்றாள். முடியுமா என்று என்னிடமே கேட்டாள் பார், நான் மாடிப்படியில் விழுந்த பிறகு இந்த இரண்டு மாதத்தில் என் பிள்ளைகள்கூடக் கேட்காத கேள்வி. முடியும் என்றேன், விட்டுவிட்டாள். நான் படி ஏறக் கூடாது என்று சட்டம் போட்ட உன் அண்ணன் மட்டும் பாலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு "கார்கிட்ட யாராவது இருக்கணும்மா" என்று நிழலில் உட்கார்ந்துவிட்டான். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிட்டது.

நடுப்பாலம் வந்ததும் காற்றில் பலகை லேசாக ஆடியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், உன் அண்ணி சிரிக்கவில்லை, நின்றுவிட்டாள். "அத்தை, இங்க வச்சுச் சொன்னாத்தான் என்னால சொல்ல முடியும். இப்ப உங்க மாடி ரூம காலி பண்ணிட்டிருக்காங்க. உங்க பொண்ணு சொன்ன யோசனை, அவரு ஏற்பாடு. எனக்கும் தெரியும்" என்றாள். அப்படியே திரும்பி உன் அண்ணன் சட்டையைப் பிடிக்கலாம் என்று திரும்பினால், பின்னால் தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தடியன். "எங்கம்மா போறீங்க, ரிவர்ஸ் கிடையாதும்மா இங்க" என்கிறான். கரையிலிருந்து விசில் பறக்கிறது. என்ன செய்வது, முன்னால்தான் நடந்தாக வேண்டும். சின்னவளே, கோபத்தில் நடந்ததால் எனக்குப் பயமும் தெரியவில்லை, முட்டி வலியும் தெரியவில்லை. நீங்கள் எல்லாரும் தடுமாறுவாள் தடுமாறுவாள் என்று சொன்ன கால்தான் என்னைக் கொண்டுபோய் அக்கரையில் விட்டது.

அங்கே எங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தோம். "இத்தனை நாள் வாயத் தொறக்காம இருந்துட்டு இப்ப மட்டும் எதுக்குச் சொன்ன?" என்று கத்தினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்கம்மாவுக்கும் நாங்க இப்படித்தான் பண்ணினோம் அத்தை. கேக்காம, நல்லதுக்குன்னு, எங்கண்ணன் வீட்டுக்கு மாத்தினோம். அவங்க சண்டைகூடப் போடல. அதுக்கப்புறம் காபி வேணுமான்னு கேட்டாக்கூட ‘உங்க இஷ்டம்’னுதான் சொல்லுவாங்க, கண்ண மூடுற வரைக்கும் அதே வார்த்தைதான். நீங்க அப்படி ஆயிடக் கூடாது. நீங்க கத்துங்க அத்தை, எனக்கு அதுதான் வேணும்." எனக்கு அதற்குமேல் கத்த வரவில்லை. வாயில்லாப் பூச்சி என்று உன்னிடமே எத்தனை முறை இவளைக் கேலி செய்திருப்பேன். வீட்டுக்காரனுக்கும் நாத்தனாருக்கும் எதிராக, எனக்காக ஒருத்தி பேசியிருக்கிறாள். "அவரு கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லிடுங்க, மறைக்க வேண்டாம்" என்றும் சொன்னாள். கையில் கசங்கியிருந்த மிட்டாயைப் பிரித்து ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

திரும்பி வந்ததும் உன் அண்ணனிடம் என் வீட்டு மாற்றுச் சாவியைக் கேட்டேன். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நீ மறுபடி விழுந்தா யாரும்மா பாக்குறது? அன்னைக்கு நீ போன எடுக்காம எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்று ஆம்பிளைப் பிள்ளை குரல் உடைந்து நிற்கிறான். விழுந்த அன்று, பக்கத்து வீட்டு டீச்சர் ரிப்பேருக்குக் கொடுத்த அயர்ன் பாக்ஸை வாங்க வரும்வரை நான் படியடியில் கிடந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. உங்கள் பயம் பொய் என்றும் சொல்லவில்லை. நேராக அவன் வீட்டுக்கே வண்டியை விடச் சொன்னேன். எனக்கென்று ஒதுக்கிய அறையைப் பார்த்தேன். நல்ல அறை, புது மெத்தை, ஜன்னலுக்குத் திரைகூட மாட்டியிருந்தான். என் மேசைதான் கால் கழற்றிச் சுவரில் சாய்ந்து நின்றது, ஸ்க்ரூக்களை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருந்தார்கள். மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டு, மல்டிமீட்டரையும் சால்டரிங் அயர்னையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ் நிறுத்தம்வரை உன் அண்ணி பையைத் தூக்கி வந்தாள். இப்போது சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான் வேலை. நேற்று டீச்சரின் அயர்ன் பாக்ஸைக் கொடுத்துவிட்டேன், "கரண்ட் அம்மா ரிட்டர்ன்ஸ்" என்று கிண்டல் செய்துவிட்டுப் போகிறாள்.

உன் அப்பா போன பிறகு, கெட்டுப்போன ஃபேனைப் பிரித்துவிட்டு மாட்டத் தெரியாமல் அழுது, மறுபடி பிரித்து, யாரும் சொல்லித் தராமல் நானே கற்றுக்கொண்ட தொழில் இது. உங்களைப் படிக்க வைத்தது என்று சொல்லிக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. காலையில் எழுந்தால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, கீழே நின்று ஒருவர் என்னைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். கடவுள் புண்ணியத்தில் கையும் கண்ணும் இன்னும் ஒத்துழைக்கின்றன. பாலம் கட்டியவர்களுக்கு, விசில்காரிக்கு, திரும்ப விடாத அந்தத் தடியனுக்குக்கூட மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். நீயும் என்மேல் உள்ள அக்கறையில்தான் செய்தாய், அது தெரியாமல் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், குழந்தைக்குத் தலைக்குக் குல்லா போடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே.

இனி ஆக வேண்டியவை. ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் அண்ணன் என் பொருள்களை மாடி அறைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், கூலிக்கு ஆள் வைக்காமல் அவனே தூக்க வேண்டும், மேசைக் காலையும் அவனே மாட்ட வேண்டும், அவனிடமும் சொல்லிவிட்டேன். படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்க வெல்டரிடம் நான் சொல்லியாகிவிட்டது, அது என் பொறுப்பு. தினமும் காலையில் அண்ணனுக்கு நானே போன் செய்வேன், அதுவும் என் பொறுப்பு, செய்யாவிட்டால் அவன் கதவை உடைத்துக்கொண்டு வரலாம். நீ செய்ய வேண்டியது, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எனக்குப் போன் செய்து "அம்மா, அண்ணன் வீட்டுக்குப் போறியா?" என்று என்னிடமே கேட்க வேண்டும். நான் மாட்டேன் என்பேன். அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சரி என்று சொல்ல வேண்டும். அடுத்த வருடமும் கேள், அதற்கடுத்த வருடமும் கேள், என்றைக்காவது சரி என்று சொன்னாலும் சொல்வேன். உன் அண்ணியை ஏன் சொன்னாய் என்று நீயோ உன் அண்ணனோ ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இந்த வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவள் அவள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
தன் வீட்டில் சுகமாக இருக்கும்
உன் அம்மா