கோயிலில் கொடுக்காத முடி

காரிமங்கலம்
7.8.2024

பூவிழிக்கு,

ஆடி மூன்றாம் வெள்ளியன்று குலசாமி கோயிலில் நீ மொட்டை போட்டுக்கொண்டாய். நான் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை வேண்டும் என்று நம் இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துத்தான் அம்மா வேண்டியிருந்தாள். உன் தலை முடிந்ததும் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் நழுவப் பார்த்தேன். "குனிடா, சாமி காரியத்துல என்னா வெக்கம்?" என்று அம்மா பிடரியைப் பிடித்து அழுத்தினாள். தண்ணீர் தெளித்து விரலை விட்ட நாவிதர், "அண்ணா, இது ஒட்டு முடிங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார். நான் எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன். நீ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உன் அப்பாவோடு நல்லம்பள்ளிக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

நடந்தது இவ்வளவு. என் போனை நீ எடுப்பதில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுப்பாய்.

இருபத்து நாலு வயதில் கொட்ட ஆரம்பித்தது. அப்போது நான் மண்டியில் புளி மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். சம்பாதித்ததில் பாதி தலைக்குப் போனது. வத்தல்மலையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த மூலிகை எண்ணெய், வெங்காயச் சாறு, டிவியில் பார்த்த தைலம், பயோட்டின் மாத்திரை. எண்ணெய் வைத்தால் இருக்கிற முடி பளபளக்கும், அவ்வளவுதான். சேலத்தில் தோல் டாக்டர் மினாக்ஸிடில் தடவச் சொன்னார். முதல் ரெண்டு மாசம் இன்னும் கொட்டியது. பயந்துபோய்க் கேட்டால், அப்படித்தான் ஆரம்பிக்கும் என்றார். அப்புறம் பூனை மயிர் மாதிரி கொஞ்சம் வந்தது. வேலை செய்கிற மருந்துதான். ஆனால் நிறுத்தினால் வந்ததும் போய்விடும், வாழ்நாள் வாடகை. ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தலையிலேயே ஊசியாகக் குத்துவது ஒன்று, அதையும் நாலு தடவை செய்துகொண்டேன். பலன் இருந்ததா என்று கேட்டால் எனக்கே தெரியாது. நட்டுக்கொள்ளலாம் என்று பெங்களூர் போனேன். பின்தலையில் எடுத்துத்தான் முன்னால் நடவேண்டும், உங்களுக்குப் பின்னாலேயே சரக்கு இல்லை என்று அந்த டாக்டர் நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

உன்னைப் பார்க்க வருவதற்கு முன் மூன்று வீட்டில் தலையைப் பார்த்தே வேண்டாம் என்றார்கள். நாலாவதாக உன் வீட்டுக்கு வரும்போது ஒட்டிக்கொண்டு வந்தேன். மூணு வாரத்துக்கு ஒரு முறை லோடு பணம் வசூல் என்று பெங்களூர் போனதெல்லாம் பசை மாற்றத்தான். வேறு ஒன்றும் இல்லை.

தப்புதான். வீட்டுக்கு வா.

உன் வீட்டுக்காரன்,
சின்னராஜ்


நல்லம்பள்ளி
19.8.2024

காரிமங்கலம் புளி மண்டி சின்னராஜ் அவர்களுக்கு,

போனில் பேசினால் நீங்கள் பேச்சில் ஜெயித்துவிடுவீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன்.

வழுக்கை என்பதற்காக நான் வரவில்லை என்று நினைக்காதீர்கள். எங்க அப்பாவுக்கு முப்பது வயசிலேயே வழுக்கை. அந்தத் தலைக்குத்தான் எங்கம்மா வாரம் தவறாமல் எண்ணெய் வைக்கிறாள். தீபாவளிக்கு நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள். ரெண்டு தீபாவளி. என் கை பட்டால் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து வூட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். பெங்களூரில் ஒருத்தி இருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். இருந்திருந்தால் தேவலை.

கோயிலுக்குக் கிளம்பும்போது, சாப்பிட்ட பிறகு போடவேண்டும் என்று அல்சர் மாத்திரை அட்டையை என் பையில் வைத்தீர்கள். அது அங்கேயே இருந்தது. தர்மபுரியில் பிள்ளைக்காக எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனபோது காட்டினேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முடிக்குப் போடுற மாத்திரைம்மா. இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார். சிலருக்கு இது உயிரணுவைக் குறைக்குமாம். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகுமாம். உங்கள் வீட்டுக்காரர் வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்று போன வருஷமே அவர் கேட்டார். அல்சருக்கு மட்டும்தான் என்று நான்தான் பதில் சொன்னேன்.

பதினாலு மாசம் ஊசி போட்டுக்கொண்டேன். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள், வலி தாங்காமல் நர்ஸ் கையைக் கடித்துவிட்டேன். எல்லாம் நார்மல் என்று வந்தது. உங்களை ஒரே ஒரு டெஸ்டுக்குக் கூப்பிட்டதற்கு சீசன் என்றீர்கள்.

ஒரே கேள்வி. அந்த மாத்திரையைக் கொடுத்த டாக்டர் இதை உங்களிடம் சொன்னாரா, இல்லையா?

பூவிழி


காரிமங்கலம்
2.9.2024

பூவிழிக்கு,

சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே சொன்னார். குழந்தைக்குப் பார்க்கும்போது என்னிடம் வாருங்கள், நிறுத்திவிட்டுப் பார்க்கலாம் என்றார். நான் போகவில்லை. போன ஐப்பசியில் நானே நிறுத்திப் பார்த்தேன். நாலைந்து மாசத்தில் ஓரத்து முடி மெலிந்து, ஒட்டின இடத்து விளிம்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. மறுபடி போட்டேன். அடுத்த சீசன் முடியட்டும், அப்புறம் நிறுத்தலாம் என்று தள்ளினேன். அந்த நேரத்தில் நீ ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியும்.

நான் செய்துகொண்ட வைத்தியங்களில் உருப்படியாக வேலை செய்தது அந்த மாத்திரை ஒன்றுதான். இருந்ததைக் கொட்டாமல் நிறுத்தி வைத்தது. அதனால்தான் விடமுடியவில்லை.

இப்போது விட்டுவிட்டேன். டெஸ்டும் கொடுத்தேன். எண்ணிக்கை ரொம்பக் குறைச்சல். மாத்திரையால்தான் என்று அடித்துச் சொல்லமுடியாது, மூணு மாசம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்கிறார்கள். ஒட்டு முடியைப் பிய்த்து அடுப்பில் போட்டேன். வீடெல்லாம் நாற்றம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையைப் பற்றி நானும் சொல்லவில்லை.

சின்னராஜ்


காரிமங்கலம்
25.10.2024

பூவிழிக்கு,

பதில் இல்லை. அடுத்த வியாழக்கிழமை தீபாவளி. கிணற்றடியில் மனை போட்டு வைக்கிறேன். எண்ணெய் வைக்கிற அளவுக்குத் தலையில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் வா. வெள்ளனே வண்டி அனுப்பட்டுமா? மண்டியில் ஆட்கள் என் தலையைப் பார்த்து முதல் நாள் சிரித்தார்கள். ரெண்டாம் நாள் விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இதற்காகவா இத்தனை வருஷம் என்று இருக்கிறது.

சின்னராஜ்


நல்லம்பள்ளி
16.12.2024

சின்னராஜ் அவர்களுக்கு,

தீபாவளியன்று வாசலில் உங்கள் வண்டி நின்றதை அப்பா சொன்னார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

என் முடி இப்போது ரெண்டு விரல் நீளம். முழங்கால் வரைக்கும் இருந்தது. அதைக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, நான் நம்பிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, உங்கள் பையில் இல்லை, என் பையில் அந்த மாத்திரை இருக்கும்போது. அது போகமாட்டேன் என்கிறது.

மூட்டைக்கு மேல் புதுப் புளியைப் பரப்பி அடியில் பழசைப் போடுகிறவனை மண்டிக்குள் விடமாட்டேன் என்று பெருமையாகச் சொல்வீர்கள். ஒரு தடவை ஏமாற்றினவனிடம் மறுபடி வாங்குவீர்களா?

போன வாரம் சந்தையில் உங்கம்மா என் சித்தியைப் பிடித்து, "அவ வவுத்துல ஒண்ணும் தங்காது. எம் மவனுக்கு வேற எடத்துல பாக்கறோம்" என்றிருக்கிறார். கூட நாலு பேர். நீங்கள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

பிரிந்துவிடலாம். எனக்குப் பணம் வேண்டாம். கோயிலுக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், அதே இடத்தில், என்னிடம் குறை இல்லை, மாத்திரையை மறைத்தது நீங்கள் என்று உங்கள் வாயால் சொல்லவேண்டும். அடுத்துப் பார்க்கிற பெண்ணிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

பூவிழி


காரிமங்கலம்
6.1.2025

பூவிழிக்கு,

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேனே என்று உன்னிடம் கேட்கலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். பேரம் பேசியே பழகின புத்தி. நீ குறைக்கமாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். "எங்கிட்ட ஏன்டா மறைச்ச? அந்தப் புள்ளய எத்தினி கோயில் இழுத்துட்டுப் போயிருப்பேன்" என்றாள். அப்புறம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

ரெண்டாவது டெஸ்ட் வந்தது. எண்ணிக்கை நன்றாக ஏறியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். உன்னைக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். மாத்திரை பிடித்து வைத்திருந்த முடியெல்லாம் போய்விட்டது.

நீ கேட்டாயே, ஏமாற்றினவனிடம் மறுபடி வாங்குவீர்களா என்று. வாங்கமாட்டேன்.

ஒப்புக்கொண்டது இது. தை முதல் வெள்ளி, அதே கோயில், அன்று வந்த அத்தனை பேரையும் நானே வண்டி வைத்துக் கூட்டிவருவேன். உன்னிடம் குறை இல்லை, மறைத்தது நான் என்று சத்தமாகச் சொல்லுவேன். அதே நாவிதரிடம் உட்காருவேன். உன் நகையும் பீரோவும் மறுநாளே நல்லம்பள்ளி வந்து சேரும். ஆகஸ்டில், நாம் பிரிந்து ஒரு வருஷம் முடிந்ததும் தர்மபுரி கோர்ட்டில் ரெண்டு பேரும் கையெழுத்து. இனி எந்தப் பெண் வீட்டுக்குப் போனாலும் வெறும் தலையோடு போவேன், வாயைத் திறந்ததும் முதல் பேச்சு இதுவாக இருக்கும்.

சின்னராஜ்