அக்கா பார்த்த படம்

1884 ஏப்ரல் 29, லண்டன்

படம் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. என் கணவர் ஆம்ப்ரோஸ் படிகளைத் தாவி வந்து சொன்னார். அதில், கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவி. அவளாக மாதிரிக்கு நின்றது நான்தான், குளிர்காலம் முழுக்க, நீலப் பட்டில்.

வாரப் பத்திரிகையில் ஓவியங்களைப் பற்றி எழுதுவது என் அக்கா பிலிப்பா. "உங்கக்கா தங்கச்சி புருஷனைக் கைவிட்டுடுவாளா என்ன?" என்று ஆம்ப்ரோஸ் சிரித்தார்.

மே 5

கண்காட்சியில் எல்லோரும் ஒருவர் தொப்பியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் படங்களைப் பார்த்தாள். மூக்கு ஒட்டுமளவு குனிந்து, பின்னால் நகர்ந்து, ஒரு பிரபுவின் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும். இப்படிப் பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை.

எங்கள் படத்தின் முன் நெடுநேரம் நின்றாள்.

மே 10

அக்காவின் விமர்சனம் வந்துவிட்டது. "பட்டுடையை வரைந்த கை அற்புதமானது. அதை உடுத்தியிருப்பவளோ எதையும் நினைக்கவில்லை. ஓவியர் அவள் முகத்தைப் பார்த்தாரா?"

ஆம்ப்ரோஸ் பத்திரிகையைக் கணப்பில் போட்டார். "இனி அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அவளுக்கு எப்படித் தெரிந்தது? அத்தனை நாள் நின்றேனே, ஒரு தடவையாவது இந்த மனுஷன் என் முகத்தை— இல்லை.

மே 11

அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கலாம்ல?"

"பார்த்துத்தாண்டி எழுதினேன். நீ சும்மா நிக்கறப்பவே மனசுக்குள்ள நாலு பேரைத் திட்டிட்டிருப்ப. அதுல ஒண்ணுகூட படத்துல இல்ல, செலினா. பத்திரிகை ஆசிரியர்கூட மாத்தச் சொன்னார். மாத்தினா இனிமே எழுதமாட்டேன்னுட்டேன்."

அழுதேன். பெருமையாகவும் இருந்தது. அதை வீட்டில் யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் 2

படம் விற்காமல் திரும்பி வந்தது.

நவம்பர் 18

ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தேன். கதவருகே ஆம்ப்ரோஸ். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"இப்ப எதுக்குச் சிரிச்ச?"

பக்கத்து வீட்டுக் கிளி பாதிரியாரைத் திட்டிய கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டார். "அப்படியே இரு" என்று தூரிகை எடுக்க ஓடினார்.

1885 மே 9

இந்த வருஷம் சின்னப் படம்: ஆப்பிள் சீவும் பெண். அக்கா எழுதியிருக்கிறாள்: "இவள் சிரிப்பை அடக்குகிறாள். ஏன் என்று கேட்க ஆசையாயிருக்கிறது. இடது கைதான் வெறும் மரக்கட்டை."

காலை உணவின்போது ஆம்ப்ரோஸ் படித்தார். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தேன்.

எழுந்து வந்தார். என் இடது கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்றா" என்றார். கையை விடவில்லை. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு."