சந்திரம்மா வீட்டு நம்பர்

பீன்யா
6.7.2009

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

லாவண்யா எழுதுவது. நானும் தாரணியும் நலம். ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். மூன்று தடவை ஆயிற்று.

அவர் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் வைத்திருந்தார். எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுகிற மாதிரி. அந்தப் பெட்டியைத் திறக்க ஒரே ஒரு பாஸ்வேர்டு. அது தெரியாவிட்டால் புரோகிராமைச் செய்தவர்களாலும் திறக்க முடியாதாம். "எங்கேயும் எழுதி வைக்கல லாவண்யா. அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அவங்க எதையும் மறக்க மாட்டாங்க" என்று சிரிப்பார்.

தாரணியை அவர் எடுத்த படங்கள், வீடியோக்கள் எல்லாம் இன்டர்நெட்டில் ஒரு கணக்கில் இருக்கின்றன. அதை நடத்துகிறவர்கள் ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு மூடுகிறார்கள். அதற்குள் எடுக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். அவர் குரல் வேறு எங்கேயும் இல்லை அத்தை. தயவுசெய்து சொல்லுங்கள்.

லாவண்யா

*

ஈஜிபுரா
13.7.2009

லாவண்யாவுக்கு உன் அத்தை எழுதுவது.

மூணாங்கிளாஸ் எழுத்து, பொறுத்துப் படி. போனை வைத்தது உண்மைதான். பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. என்னைப் பார்த்துவிட்டு பொம்மசந்திராவில் உங்கள் வீட்டுக்கு வண்டியில் திரும்பினவன் ஓசூர் ரோட்டில் விழுந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சைச் சுடிதாரோடு நின்று, பதினோரு பேர் பார்க்க நீ என்ன சொன்னாய்? "ரேஷன் கார்டு ரேஷன் கார்டுன்னு கூப்பிட்டு உங்க பிள்ளையை நீங்களே முழுங்கிட்டீங்க." அந்தக் குரல்தான் போனிலும் வருகிறது. எப்படிக் கேட்பேன்?

காரியம் முடிந்த மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாய். ஐந்து மாசம். தாரணிக்கு முன்பல் விழுந்ததை மூன்றாம் மனுஷி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அவன் என்னிடம் சொன்னது எல்லாம் நம்பர்தான். இங்கிலீஷ் தெரியாத எனக்காகவே நம்பரில் வைத்தான். போனில் சொல்லாதே, ஒரே காகிதத்தில் முழுசாக எழுதாதே என்றும் சொன்னான். அதனால் இதில் பாதி. தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலாட்டாவின்போது எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, தமிழர்களைத் தேடி வந்தவர்களிடம் கன்னடத்தில் சண்டை போட்டாளே சந்திரம்மா, அவள் வீட்டு நம்பர் 417. உள்ளே இருந்தது ஆறு பேர். நாலு நாள். சேர்த்து எழுது: 41764.

மறுபாதி, தாரணி என் வீட்டுப் படி ஏறின பிறகு.

உன் அத்தை
அன்னம்மாள்

*

பீன்யா
20.7.2009

அத்தைக்கு,

பாதி கிடைத்தது. அந்த நாலு நாளைப் பற்றி அவர் நிறையச் சொல்வார். "அம்மா மறக்காம வெச்சிருக்கிற நல்லது அது ஒண்ணுதான்" என்பார்.

நான் சொன்ன சொல் தப்புத்தான். ஆனால் அன்று காலை, உடம்பு அசதியாக இருக்கிறது, நாளைக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். நீங்கள் மறுபடி மறுபடி மூன்று போன் செய்தீர்கள். எனக்கும் கொஞ்சம் ஞாபகம் உண்டு அத்தை.

வரும் ஞாயிறு கணேசமூர்த்தி அண்ணன் தாரணியை அழைத்து வருவார். நான் வரவில்லை.

லாவண்யா

*

ஈஜிபுரா
28.7.2009

லாவண்யாவுக்கு,

வந்தாள். உன் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டான். கேசரி கிளறி வைத்திருந்தேன். "வேணாம் பாட்டி, எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க." செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஸ்கூல் நோட்டும் பென்சிலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நம்பர் சொல்லுங்க பாட்டி, எழுதிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். ஆறு வயசுப் பிள்ளையை வசூலுக்கு அனுப்பியிருக்கிறாய். நான் சொல்லவில்லை. பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிற சாமானா அது?

அரை மணி நேரம் இருந்தாள். கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்து, "நம்பர் வந்தா அப்பா பேசறது கேக்கலாமாம் பாட்டி" என்றாள். அதற்காக எழுதுகிறேன். உனக்காக இல்லை.

மறுபாதி 27082001. நீ வலது கால் எடுத்து வைத்து என் வீட்டுக்குள் வந்த தேதி. "உன் மருமக வந்த நாளும்மா, இதையும் மறக்காத" என்று பத்துத் தடவை என் வாயால் சொல்ல வைத்தான். அவன் கேட்டதற்காகச் சொன்னேன். ஞாபகத்திலும் வைத்தேன்.

அடுத்த ஞாயிறும் பிள்ளையை அனுப்பு. நோட்டு இல்லாமல்.

அன்னம்மாள்

*

பீன்யா
8.8.2009

அத்தைக்கு,

திறந்தது. படங்கள், வீடியோக்கள் எல்லாம் எடுத்தாயிற்று. அவர் தாரணிக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிற வீடியோவையே இவள் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாள். நன்றி.

பெட்டியின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிட்டோம். இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தால் அது பாஸ்வேர்டே இல்லை என்று அண்ணன் சொல்கிறார். இனி அந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம்.

தாரணியை ஞாயிற்றுக்கிழமைகளில் டான்ஸ் கிளாஸில் சேர்த்திருக்கிறேன். இத்துடன் அவர் படம் ஒன்று பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

லாவண்யா

*

ஈஜிபுரா
17.8.2009

லாவண்யா,

படம் வந்தது. போன தீபாவளிக்கு இந்த வாசலில் எடுத்தது. அவன் தோள்மேல் ஒரு கை இருக்கிறது, மணிக்கட்டில் பச்சை குத்தின தேள். அது என் கை. மீதி என்னை எந்தக் கத்தரிக்கோலால் வெட்டினாய்?

பாஸ்வேர்டை மாற்றியது சரிதான். அவன் இருந்திருந்தாலும் மாற்றத்தான் சொல்லியிருப்பான். இரண்டு வருஷமாகத் தினம் பால் காய்ச்சும்போது அந்த நம்பரை ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். அவன் போன பிறகும் விடவில்லை. அவன் என்னிடம் கொடுத்து வைத்தது அது ஒன்றுதானே. இன்றைக்கும் பால் பொங்குவதற்குள் வாய் தானாகச் சொல்லி முடித்துவிட்டது. இனி அது எதையும் திறக்காது.

ரகசியம் இல்லை என்று ஆன பிறகு சந்திரம்மாவிடம் சொன்னேன். "நம்ம மனெ நம்பரா? ரகு வெச்சிருந்தானா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அவளிடமும் முன்பாதியைத்தான் சொன்னேன். உன் தேதியைச் சொல்லவில்லை. அதை மட்டுமாவது மறந்து தொலைக்கலாம் என்று பார்க்கிறேன். போகமாட்டேன் என்கிறது.

ரகுராமின் அம்மா