ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

30 ஜூன் 2025, திங்கள்

இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். புத்தூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எல்லோருக்கும், பெரிய டாக்டர் முதல் வார்டு ஆயா வரை, அடுத்த திங்களுக்குள் ஆளுக்கொரு லாகின் வேண்டுமாம். இனி வருகைப் பதிவு, லீவு எல்லாம் அதில்தான். கம்ப்யூட்டர் பிரிவில் என் சீனியர் அப்துல் ரஹீம் அண்ணன், "கையால அடிச்சா பத்து நாள் ஆகுங்க சார்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஸ்கிரிப்ட்னு சின்னதா ஒரு புரோகிராம் எழுதினா ஒரே ஓட்டம்தான் சார்" என்றேன்.

நிர்வாக அதிகாரி பீமராவ் சார் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "சரி ரஞ்சனி, நீங்களே செய்ங்க. உங்க கான்ட்ராக்ட் விஷயத்தை இதைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்."

ஜூலையோடு முடிகிறது கான்ட்ராக்ட். எனக்கு இது தேவையா?

2 ஜூலை

சம்பளப் பட்டியல் ஒன்று, டியூட்டி பட்டியல் ஒன்று. பலர் இரண்டிலும் இருக்கிறார்கள். பணியாளர் எண் மட்டும் வேறு வேறு. எந்த மகானுபாவர் தயாரித்தாரோ! பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள், ஒன்றை நீக்கு என்று எழுதிவிட்டேன். கெட்டிக்காரிதான் நான்.

4 ஜூலை

ஓட்டினேன். 618 லாகின், நான்கே நிமிடம்! தென்னூரில் வீடு வரை பாடிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

7 ஜூலை

ஐயோ.

காலையில் வாசலில் ஒரே சத்தம். வார்டு ஆயா ராக்கம்மாள் பெயரைப் போட்டால் 'ஏற்கனவே வந்துவிட்டார்' என்று காட்டுகிறது. "நீங்கதான் ஆறு மணிக்கே வந்துட்டீங்களே" என்கிறார் வாட்ச்மேன்.

"நான் இப்பதாங்க பாலக்கரையில பஸ் ஏறி வந்து இறங்குறேன்!"

ஆறு மணிக்கு வந்தது கேன்டீன் ராக்கம்மாள். இருவருக்கும் இனிஷியல் பி., பிறந்த தேதி 1-6-1971. என் ஸ்கிரிப்ட் இரண்டு பேரை ஒரே ஆளாக்கிவிட்டது.

"நெஜமாவே அன்னைக்குத்தான் பொறந்தீங்களாக்கா?" என்று ஆயாவிடம் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஸ்கூல்ல சேர்க்கறப்ப வாத்தியார் போட்ட தேதிங்க அது. நான் பொறந்தப்ப அடைமழைன்னு எங்கம்மா சொல்லும்."

பட்டியலைப் பார்த்தேன் — ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள் ஐம்பத்தேழு பேர்! பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே, அதற்காகப் போட்ட தேதி. எனக்கு இது ஏன் தோன்றவே இல்லை? கான்ட்ராக்ட் போச்சு. மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

பிறகு, தகப்பனாரின் முழுப்பெயரையும் சேர்த்துப் பார்க்கும்படி மாற்றி மறுபடி ஓட்டினேன். ராக்கம்மாளோடு, இதேபோல் தவறாக நீக்கப்பட்ட இன்னும் மூன்று பேரும் கிடைத்தார்கள்.

8 ஜூலை

மறைக்கப் பிடிக்கவில்லை. பீமராவ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று நின்றால் மனிதர் சிரிக்கிறார்!

"என் சர்டிபிகேட்லயும் ஜூன் ஒன்னுதாம்மா. நெஜத்துல நான் தை மாசம்."

கான்ட்ராக்ட் பற்றி மூச்சே விடவில்லை. கேட்க எனக்கும் துணிச்சல் இல்லை.

21 ஜூலை

இரண்டு ராக்கம்மாளுக்கும் இப்போது தினமும் யார் முதலில் பதிவது என்று போட்டி.

30 ஜூலை

கான்ட்ராக்ட் ஆட்களின் லாகின் அவரவர் கடைசி நாளில் தானாக நின்றுவிட வேண்டும், அதற்கும் ஸ்கிரிப்ட் எழுது என்று உத்தரவு. பீமராவ் சார் அனுப்பிய பட்டியலைத் திறந்தேன். பதினொரு பேர். என் பெயர் இல்லை. மறுபடி தேடினேன். இல்லை.

போன் போட்டு, "சார், என் பேர் விட்டுப்போச்சு" என்றேன்.

"விடலம்மா. நிரந்தரப் பட்டியல்ல பாருங்க."

ரஹீம் அண்ணனைக் கூப்பிட்டேன்; அவர்தான் அந்தப் பட்டியலைத் திறந்து என் பெயரைக் காட்டினார்.