எந்த வரிடா மாத்தின?

இதனால் உனக்கு அறிவிப்பது யாதெனில், நம் பள்ளிக் கணினி அறையின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் இன்று காலை இரண்டு தும்மல், ஓர் இருமலுக்குப் பிறகு உயிர் பெற்றது. சூடேறிய தூசியின் வாசம் வந்ததும், உன் நாற்காலியில் யாரும் உட்காராதபடி என் பையை வைத்துவிட்டேன்.

பிரவுசரில் உன் பக்கத்தைத் திறந்தேன். "ரோபோவுக்குப் பெரிய சாஃப்ட்வேர்லாம் வேணாம்டா, பிரவுசர் போதும்" என்று எட்டாவது பசங்களுக்கு நீ சொல்லிக்கொடுத்த அதே பக்கம். பொம்மைக் காரின் தலையில் கட்டிய கேமரா நொடிக்கொரு படம் அனுப்பும். பக்கம் அதில் சிவப்புப் பந்தைத் தேடும். பந்து வலப்பக்கம் தெரிந்தால் திரையின் வல மூலை வெளுக்கும். அங்கே நீ ஒட்டிய சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, ரிமோட் வழியாகக் காரை வலப்பக்கம் திருப்பும்.

ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள் தலைமையாசிரியர் பார்க்க வந்தார். கார் பந்தைப் பிடித்தால் சனிக்கிழமைதோறும் பசங்களுக்கு வகுப்பெடுக்க அறை உனக்கு. இல்லாவிட்டால் வகுப்பே கிடையாது.

பந்து இடப்பக்கம் இருந்தது. கார் வலப்பக்கமே சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"திருவண்ணாமலை கார் சார்! கிரிவலம் போவுது!" என்று கத்தியது நான்தான். பசங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என் புரோகிராம்லதான் சார் தப்பு" என்றாய் நீ. "அடுத்த வருஷம் பாக்கலாம்பா" என்று அவர் போய்விட்டார்.

அரை மணி கழித்துக் கார் ஒழுங்காக ஓடியது. புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன் என்று காலரைத் தூக்கிவிட்டேன்.

"எந்த வரிடா மாத்தின?"

"தொழில் ரகசியம், மச்சான்."

தினமும் கேட்டாய். மழைக்காலத்தில், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போதும் கேட்டாய். திரும்பி வரவில்லை. காரைச் சரிசெய்த மேதை என்று இப்போது சனிக்கிழமை வகுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று உன் புரோகிராமைக் கீழே வரை உருட்டினேன். ஒவ்வொரு வரி ஓரத்திலும் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாய். "இதுவா?" "இது இல்ல." "இதுவா?" கடைசி வரி வரைக்கும் அதேதான். ஆளில்லாத அறையில் நீ முணுமுணுப்பது போலவே இருந்தது.

எந்த வரியும் இல்லடா. பூஜையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தபோது, கேமராக் கண்ணாடியின் வல ஓரத்தில் ஒரு துளி குங்குமத்தை இழுத்துவிட்டது நான். கார் அந்தச் சிவப்பைத்தான் துரத்தியது. அப்புறம் யாரும் பார்க்காமல் சட்டை நுனியால் துடைத்தேன். நான் செய்த ரிப்பேர் அவ்வளவுதான்.

நாளை சனிக்கிழமை. பசங்களிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். வாய் வருமா தெரியவில்லை. உன் புரோகிராம்ல பாதி எனக்கு இன்னும் புரியலடா.