ஒற்றைப் பாதையில் திரும்பிய கார்

2023 மே, புதன் இரவு

மலைச்சரிவு நேற்றைவிட வேகமாக இறங்குவதை சுவிஸ் கன்டோனின் (மாநில அரசின்) புவியியலாளர் இன்று மாலை உறுதிப்படுத்தினார். ஊரைவிட்டு வெளியேற இருப்பது அந்தச் சரிவின் அடியாகப் போகும் ஒற்றைப் பாதை மட்டுமே.

காலையில் வெளியேற்ற ஒத்திகை நடந்தது. பனிப்புகாருக்குள் கார் விளக்குகள் மிதந்து இறங்கின. எங்கோ மேலே கற்கள் உருளும் ஓசை தூரத்து மழைபோலக் கேட்டது. பாலத்துக்கு முன்னால் தீயணைப்புக்காரர் ஒவ்வொரு காரையும் மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பதிந்தார். ஹோட்டல் சமையல்காரர் குகன், கேள்வி காதில் விழுந்ததும், காரைத் திருப்ப முயன்று, பாதைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டார். பின்னால் வந்த கார்களெல்லாம் சரிவின் அடியில் நின்றன.

ஒத்திகையில் தமிழ் மொழிபெயர்க்க நின்ற நான், ஏன் திருப்பினீர்கள் என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

"வெளிக்கிடேக்கை எங்கை போறியள் எண்டு கேட்டால், திரும்பிப் போய் இருந்து தண்ணி குடிச்சிட்டுத்தானே அண்ணை வாறது. கை தானாத் திருப்பிப்போட்டுது."

"மலை விழேக்கையும் தண்ணி குடிப்பாரோ எண்டு கேளுங்கோ," என்றார் அவருடைய மனைவி வசந்தி.

குகன் சிரிக்கவில்லை. "சண்டை நேரம் வன்னியிலயும் மறிச்சுக் கேட்டவங்கள். அண்டைக்குத் திரும்பிப் போக வீடு இருக்கேல்லை."

பாதையைத் திட்டமிடும் பொறியியலாளரிடம் இந்த வழக்கத்தைச் சொன்னேன். "கேள்வியைப் பாலத்துக்கு அப்பால் கேட்கலாம். அங்கே யார் நின்றாலும் கல் விழாது," என்றார்.

கண்ணை மூடினால் அந்த விளக்குகள் மெதுவாக வளைந்து வளைந்து இறங்குகின்றன. ஒன்றும் நிற்கவில்லை.

மறிக்கும் இடத்தை மாற்ற ஊர்மன்றம் சம்மதிக்க வேண்டும். முடிவு வெள்ளி மாலை வரும். அதுவரை சரிவு பொறுக்கும் என்று யாரும் உறுதிப்படுத்தவில்லை.