கூறு போட்ட மாத்திரை

விடாத மழையில் மிளகுக் கொடியெல்லாம் வாடல் விழுந்து கருகிய வருஷம் அது. அதே மழையில் மலை ரோட்டில் பாறை சரிந்து பஸ்ஸும் பத்து நாள் நின்றுபோனது. இன்று செம்மேட்டுச் சந்தையில் யாரோ ஒருவர் பையில் மாத்திரை டப்பா குலுங்கியது. அந்த வருஷமும் நீயும் சேர்ந்தே வந்து நின்றீர்கள், மாப்பிள்ளை. உயிரோடு இருந்தவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். செத்தவனுக்கு 'நீ' போதும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டிதான், என் தங்கச்சிதான், எழுதுகிறாள்.

லாரியில் ஊர் ஊராகப் போய் எச்.ஐ.வி.யை வாங்கி வந்தவன் நீ. காய்ச்சல் விடாமல் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள். அதனால் பழியும் அவளுக்கே வந்தது. "இவ கொண்டாந்த சீக்கு" என்று உன் அம்மா நம் மலையில் குண்டூர் நாடு முழுக்கச் சொன்னாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றாய். மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்க உனக்கு வெட்கம். பெண்டாட்டியை நிற்க வைக்க வெட்கமில்லை. அவள் வாங்கி வந்ததில் பங்கு கேட்டாய். ஒரு நாள் அவளுக்கு, மறுநாள் உனக்கு.

அவள் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒரே ஒடம்புல இருந்தாலும் இந்தக் கிருமியெல்லாம் ஒரே மாதிரி இல்லீங்க. பெருகப் பெருக மாறிக்கிட்டே இருக்கும். தெனமும் மாத்திரை போட்டா அடங்கிக் கெடக்கும். விட்டு விட்டுப் போட்டா, மாத்திரைக்கு அடங்காதது தங்கிப் பெருகிரும். இவங்களுக்கு இப்ப அதுதான் இருக்குது. மருந்த மாத்தோணும்."

திரும்பும் பஸ்ஸில்தான் தங்கச்சி வாயைத் திறந்தாள். இறங்கிய கையோடு உன்னிடம் வந்தேன். லாரி டயரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாய்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அவ மாத்திரைய நீங்க திங்கறீங்களாமே?"

"ரெண்டு பேத்துக்கும் ஒரே சீக்குத்தானுங்க மச்சான். பங்கு போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"சாமிக்கு வெட்டுன கெடாயா அது, கூறு போட்டுத் திங்க?"

சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"போதுங்ணா, போனவர இப்பிடிப் பேசாதீங்க" என்கிறாள் எழுதுகிறவள். எழுது என்றேன்.

மருந்தை மாற்றியதும் அவள் தேறினாள். உன்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். உன் உடம்பிலும் அதே அடங்காத கிருமிதான். உனக்கென்று தனியாகப் புது மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த மாதம் போனவன் அதை வாங்காமல் வந்தாய். வரிசையில் நம் ஊர்க்காரன் ஒருவன் நின்றானாம். அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. சில மாதத்தில் படுத்தாய், எழவில்லை.

சாவில் அழுதவர்கள் உன்னை நல்லவன் என்றார்கள். நான் அழவில்லை. உன்மேல் எனக்கிருக்கும் அருவருப்பைப் போட்டுப் புதைக்க உன் குழியில் இடம் போதவில்லை. இன்றும் நான்தான் சுமக்கிறேன். உன் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாகும்வரை அவளுக்குக் கஞ்சி ஊற்றியது யார் தெரியுமா? அந்த வீட்டில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி. பேரை எழுது என்றேன். தயங்குகிறாள். எழுது கண்ணு, உன் பேரைத்தான்.

வெள்ளையம்மா.